பந்திக்கு அழைத்த வௌவால்

“கல்லை எடுத்து மேலே வீசுங்க, ஆஞ்சப்பண்ணா” என்றாள் முனிலட்சுமி.

“யார் மேலே அம்மணி?”

“யார் மேலேயும் இல்லை. ஆகாசத்துலே.”

ஆஞ்சப்பன் ஆகாசத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தான். “அது நமக்கு ஒரு கெடுதலும் பண்ணலையே. இந்த வருஷம் மழைகூட நேரத்துக்குப் பெஞ்சுடுச்சு.”

“பெஞ்சுடுச்சு. விதைக்கத்தான் விதை இல்லை. வீசுங்க.”

விதைதான் வழக்கு. ஓசூர் ஏரிக்கரைச் சங்கத்துக் கிடங்கில் இருந்த முப்பது மூட்டை விதைச் சோளம், பூட்டு பூட்டினபடி இருக்க, மாயமாகிவிட்டது. சாவி மூட்டை மேஸ்திரி கரியப்பனிடம் இருந்தது. ஆகையால் திருடன் கரியப்பன் என்று சங்கத்துச் செக்ரடரி வைத்திலிங்கம் எழுதிக் கொடுத்தார். நேற்று மத்தியானம் போலீஸ் அவனைக் கொண்டுபோய் லாக்கப்பில் போட்டது. செக்ரடரியிடமும் ஒரு சாவி உண்டே என்று யாரும் கேட்கவில்லை. செக்ரடரி கோட்டு போட்டிருந்தார், மேஸ்திரிக்கு மேல்சட்டையே இல்லை. சந்தேகப்படுவதற்கு அந்த வித்தியாசம் போதும் இந்த ஊரில்.

நாளைக் காலை பத்து மணிக்கு கரியப்பனைக் கோர்ட்டில் நிறுத்துவார்கள். அதற்குள் சோளம் கிடைக்காவிட்டால் ஜெயில்தான். வக்கீல் வைக்க அவனுக்கு வழியில்லை. அவன் பெண்சாதி பாப்பம்மா கையில் புருஷனுக்குக் களி வைத்த ஒரு தூக்குப்போசியோடு சைக்கிள் கடை மாடி ஏறி வந்து, ‘முனிலட்சுமி, பி.எஸ்ஸி., துப்பறிபவர்’ என்ற போர்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உள்ளே வந்து உட்கார்ந்தாள். அந்த போர்டு மாட்டி ஏழு மாதத்தில் வந்த வழக்குகள் நான்கு. அதில் மூன்று, காணாமல் போன ஆடு.

மூக்கண்டப்பள்ளியில் கல் உடைக்கிற கங்கப்பனின் மகள் மெட்ராஸ் போய் விலங்கியல் படித்துத் திரும்பினால், ஊர் அவளிடம் ஆட்டைத்தான் தேடித் தரச் சொல்லும். முனிலட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டு தேடித் தந்தாள். மூன்று ஆடும் கிடைத்தது. அது வேறு கதை.

பாப்பம்மா கொண்டு வந்த துப்பு ஒன்றே ஒன்றுதான்.

“அக்கா, மாரியம்மன் பண்டிகைக்கு அடுத்த நாளிலிருந்து கிடங்கு வெண்டிலேட்டர்கிட்ட தெனமும் சாயங்காலம் வௌவா கும்பல் கூடுது. அதுக்கு முந்தி ஒண்ணுகூட அந்தப் பக்கம் வராது. பத்து நாளா நான் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

முனிலட்சுமியின் உதவியாள் ஆஞ்சப்பன் சிரித்தான். “சாட்சிக் கூண்டுலே தலைகீழாத் தொங்குமா?”

முனிலட்சுமி சிரிக்கவில்லை. செருப்பை மாட்டினாள்.

அப்படித்தான் இப்போது மாலை ஆறரை மணிக்குக் கிடங்கின் பின்புறம் எருக்கஞ்செடிகளுக்கு நடுவே மூன்று பேர் நிற்கிறார்கள். கிடங்கின் முன்பக்கம் ஏரி. பின்பக்கம் காலி மைதானம். நடுவே நீளமான ஓட்டுக் கட்டிடம். மைதானத்தின் மேல் ஒரே ஒரு வௌவால் வட்டமடித்துக் கொண்டிருந்தது. மற்றதெல்லாம் கூரைக்கு அந்தப் பக்கம், ஏரியின் மேல்.

ஆஞ்சப்பன் புளியங்கொட்டை அளவுக் கல் ஒன்றைப் பொறுக்கி மேலே வீசினான்.

வட்டமடித்த வௌவால் சடாரென்று திரும்பிக் கல்லை நோக்கிப் பாய்ந்தது. கிட்டே போனதும் ஏமாந்து விலகியது. அதே மூச்சில் கூரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இன்னும் இரண்டு வௌவால்கள் ஓட்டின் மேல் எகிறிக் குதித்து அதே இடத்துக்கு ஓடி வந்தன.

“கேட்டுச்சா?” என்றாள் முனிலட்சுமி.

“என்னத்தை?”

“டிக், டிக், டிக்னு போய்க்கிட்டிருந்துச்சு. கல்லுகிட்ட வந்ததும் டிக்டிக்டிக் டிர்ர்ர்ர்னு ஆயிடுச்சு.”

ஆஞ்சப்பன் காதைக் குடைந்தான். இருபது வருஷம் லாரி ஓட்டிய காது அது. “எனக்குக் கேட்டது உங்க குரல் மட்டும்தான் அம்மணி. அதுவே கொஞ்சம் அதிகம்.”

“எனக்குக் கேட்டுச்சு அக்கா” என்றாள் பாப்பம்மா. “பொடிசா, தையல் மிசின் தூரத்துலே ஓடற மாதிரி.”

பாப்பம்மாவுக்கு இருபத்திரண்டு வயது. முனிலட்சுமிக்கு இருபத்து நான்கு. அந்த மெல்லிய சத்தம் வயதானால் காதுக்கு எட்டாது என்று கல்லூரியில் புரொபசர் சொன்னது உண்மைதான். சொன்னபோது அவருக்கும் கேட்கவில்லை.

“வௌவால் இருட்டிலே வழி தெரியத்தான் சத்தம் போடுது” என்றாள் முனிலட்சுமி. “சத்தம் எதிலேயாவது பட்டுத் திரும்பி வர்றதை வெச்சு, முன்னாடி சுவர் இருக்கா பூச்சி இருக்கான்னு கண்டுபிடிக்குது. பூச்சி நெருங்க நெருங்க சத்தம் நெருக்கமாயிடும். இதுவரைக்கும் நான் படிச்சது. ஆனா அந்தப் பக்கம் இருந்த ரெண்டும் ஏன் ஓடி வந்துச்சு? கட்டிடம் மறைக்குது. கல்லை அதுங்க பாத்திருக்க முடியாது.”

“பக்கத்து வீட்டுலே வடை சுட்டா நம்ம வீட்டுக்கு வாசனை வராதா?”

“வாசனை இல்லைண்ணா. சத்தம். இவன் தனக்காகப் போட்ட சத்தம்தான். ஆனா அந்த டிர்ர்ர் கேட்டதுமே மத்ததுக்கெல்லாம் தெரிஞ்சு போச்சு, இங்கே ஒருத்தன் இலை போட்டு உக்காந்துட்டான்னு.”

ஆஞ்சப்பனின் முகம் தெளிந்தது. “இது நம்ம லாரி ஹார்ன் கதை அம்மணி. மாடு விலகட்டும்னு சூளகிரி வளைவுலே நான் ஹார்ன் அடிப்பேன். என் சம்சாரத்துக்கு அது சேதி. ‘வர்றான் தடியன்’னு அடுப்புப் பத்த வைப்பா. நான் ஒரு நாளும் அவளைக் கூப்பிட்டதில்லை.”

முனிலட்சுமி அவனை ஒரு நிமிஷம் வியப்போடு பார்த்தாள். அவளுடைய புரொபசர் ஒன்றரை மணி நேரம் பேசினாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டார்.

“இன்னொரு கல் வீசுங்க.”

வீசினான். வௌவால் வந்தது, பாய்ந்தது, விலகியது. அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. மூன்றாவது கல்லுக்கு ஒன்றுமே அசையவில்லை.

“அவ்வளவுதான். பொய்ப் பந்தின்னு மூணாவது தடவையே தெரிஞ்சுடுது” என்றாள். “அப்புறம் ஏன் அந்த வெண்டிலேட்டருக்குப் பத்து நாளா வந்துக்கிட்டே இருக்குதுங்க?”

மூன்று பேரும் சுவரின் கோடியைப் பார்த்தார்கள். ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு மேலே, கம்பி போட்ட சின்ன வெண்டிலேட்டர். அதன் முன்னால் ஒரு வௌவால் வந்தது. அப்புறம் நாலு. அப்புறம் எண்ண முடியவில்லை. முனிலட்சுமியின் காதில் நாலைந்து தையல் மிஷின் ஒரே சமயத்தில் ஓடின.

“அங்கே நெஜச் சாப்பாடு” என்றாள் பாப்பம்மா மெதுவாக.

சுவரோரம் மூட்டை ஏற்றுகிற சாய்வுப் பலகை கிடந்தது. ஆஞ்சப்பன் அதைத் தூக்கிச் சாத்திப் பிடித்துக்கொள்ள, முனிலட்சுமி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். பட்டதாரிப் பெண் பலகை ஏறுவதைப் பார்க்க ஊர் அங்கே இல்லை. இருந்தால் அடுத்த நான்கு வழக்கும் போயிருக்கும். கம்பியில் சிலந்தி வலை பின்னியிருந்தது. வலை நிறைய வைக்கோல் நிறத்தில், அரிசி நீளத்தில், செத்த அந்துப்பூச்சிகள்.

ஒன்றை எடுத்துக் காகிதத்தில் மடித்துக்கொண்டு இறங்கினாள். அவளுக்கு இப்போது இரண்டு விஷயம் தெரியும். சோளத்தில் விழுகிற அந்து இது என்று ஒன்றை மட்டும் சொன்னாள்.

“பாப்பம்மா, பண்டிகை அன்னிக்கு உங்க ஆளுங்க எல்லாருக்கும் லீவு கொடுத்தாங்களா?”

“ஆமாக்கா. செக்ரடரியே கூப்பிட்டு லீவு கொடுத்தாரு. ராகி மூட்டை அட்டியை அத்திப்பள்ளியிலிருந்து வெளி ஆளுங்களைக் கூட்டியாந்து அடுக்கிக்கிட்டாரு. எங்க வீட்டுக்காரருக்கு ஒரே வருத்தம். ‘என் கை படாத அட்டி’ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு.”

“அந்த ராகி நாளைக்குக் காலையிலே எங்கே போகுது?”

“பெங்களூருக்கு. ஆறு மணிக்கு லாரி வருது.”

ஆஞ்சப்பன் விசில் அடித்தான். “அப்போ சோளம் எங்கேயும் போகலை. நாளைக்குத்தான் போகப் போகுது. ராகி வேஷத்துலே.”

“வாங்க” என்றாள் முனிலட்சுமி.

கிடங்குக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் நடுவே ஒரு மதில் மட்டும்தான். ஏட்டு முனிவேல் ஸ்டேஷன் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து தலைப்பாகையை மடியில் வைத்துக் காற்று வாங்கிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, பாகலூர்ப் பக்கத்துக்காரர், கெட்டவர் என்று சொல்ல முடியாது. காதில் விழுவதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்கிறவர்.

“வாம்மா பி.எஸ்ஸி. இன்னிக்கு எந்த ஆடு?”

“முப்பது மூட்டைச் சோளம், ஏட்டய்யா. கிடங்குக்குள்ளேயே இருக்கு. ராகி அட்டியோட வயித்துக்குள்ளே.”

“யாரு சொன்னா?”

முனிலட்சுமி ஒரு கணம் தயங்கினாள். “வௌவால்.”

முனிவேல் தொடையில் தட்டிச் சிரித்தார். “உள்ளே ஒருத்தன் நேத்திலேருந்து என்னமோ உளறிக்கிட்டுக் கெடக்கிறான். வெளியே நீ. இந்த ஸ்டேஷனுக்கு மந்திரிக்கணும் போலிருக்குது.”

“சிரிச்சு முடிச்சாச்சுன்னா எழுந்து வாங்க. இல்லேன்னா நாளைக்குக் காலையிலே அந்த லாரிக்கு முன்னாடி நான் படுப்பேன். அப்போ எஸ்.ஐ. உங்களைத்தான் கேப்பாரு, நேத்தே சொன்னாளாமே, ஏன் போய்ப் பாக்கலைன்னு.”

முனிவேல் தலைப்பாகையை எடுத்து வைத்துக்கொண்டார்.

செக்ரடரி வைத்திலிங்கம் முகம் சுளிக்கவில்லை. தஞ்சாவூர்க்காரர், பேச்சில் தேன். ஓசூருக்கு மாற்றலாகி வந்து ஐந்து மாதம் ஆகிறது. “பாருங்கோ, தாராளமாய்ப் பாருங்கோ” என்று தானே கிடங்கைத் திறந்து பெட்ரோமாக்ஸைத் தூக்கிப் பிடித்தார். கூரை வரைக்கும் ராகி மூட்டைகள். கோட்டை மதில் மாதிரி அடுக்கிய அட்டி. மூட்டை தூக்குகிற ஆட்கள் ஏழெட்டுப் பேர், சென்னப்பன் என்ற வயதானவர் முன்னால் நிற்க, சேதி கேள்விப்பட்டு வாசலில் கூடிவிட்டார்கள். மேஸ்திரி அவர்களுடைய ஆள்.

முனிவேல் குத்தூசியை வாங்கினார். தானிய மூட்டைக்குள் குத்தி நாலு மணி எடுத்துப் பார்க்கிற, வாய்க்கால் மாதிரிக் குழிந்த ஊசி. கீழ் வரிசையில் குத்தினார். ராகி. நடு வரிசை. ராகி. பலகை போட்டு ஏறி மேல் வரிசை. ராகி. இறங்கி வந்து உள்ளங்கையில் கொட்டி வாயில் போட்டு மென்றார்.

“நல்ல ராகி. எங்கப்பன் குழி தோண்டிக் கொட்டி வெச்ச ராகியை, அவன் செத்துப் பத்து வருஷம் கழிச்சு எடுத்தோம். நேத்து அறுத்த மாதிரி இருந்துச்சு.” மென்றபடியே முனிலட்சுமியைப் பார்த்தார். “சோளம் எங்கேம்மா?”

“உள் வரிசைக்கு ஊசி எட்டாது. அட்டியைப் பிரிக்கணும்.”

“பிரிக்கிறதா!” செக்ரடரி சிரித்தார். “இருநூறு மூட்டை குழந்தே. ஒரு பெண்பிள்ளை சொன்னாள் என்று பிரித்து, விடிகிறதற்குள் யார் திரும்ப அடுக்குவது? ஏட்டையா, உங்களுக்கு வேலை இல்லையா?”

முனிவேல் ஊசியைத் துடைத்தார். வாசலில் பாப்பம்மா தூக்குப்போசியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். உள்ளே களி ஆறிக்கொண்டிருந்தது. அதைச் சாப்பிட வேண்டியவன் மதிலுக்கு அந்தப் பக்கம்.

“சரிங்க, பிரிக்க வேண்டாம்” என்றாள் முனிலட்சுமி. அவள் குரல் திடீரென்று பணிவாகிவிட்டது. ஆஞ்சப்பன் ஓரடி பின்னால் நகர்ந்தான். அம்மணி பணிவாகப் பேசினால் யாருக்கோ ஆபத்து என்று அவனுக்குத் தெரியும். “ஒரே ஒரு சந்தேகம் சார். உங்க கிடங்குக்கு ஏன் இத்தனை வௌவால் வருது?”

“ஓட்டுக் கூரை. வௌவால் குடியிருக்காதா?”

“குடியிருந்தா சாயங்காலம் வெளியே போகணும். இதுங்க சாயங்காலம் ஏரியிலேருந்து இங்கே வருதுங்க. ஒண்ணு வந்து சாப்பிடுது, அது போடற சத்தத்தைக் கேட்டு மத்ததும் வருது.”

“சத்தமா? எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே.”

“உங்களுக்குக் கேக்காது சார். சாப்பிடற பண்டம் இதுதான்.” காகிதத்தைப் பிரித்து விளக்கின் கீழே நீட்டினாள்.

அந்த நேரத்தில் செக்ரடரிக்கு ஒரு நல்ல பதில் கைவசம் இருந்தது. ‘முன்னே இங்கே இருந்த சோளத்தில் வந்த அந்து’ என்று சொல்லியிருந்தால் போதும். முனிலட்சுமி வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டியதுதான். ஆனால் சோளத்தை ஒளித்தவன் சோளம் என்ற சொல்லையே வாயில் எடுக்கப் பயப்படுவான் என்று அவள் நம்பினாள். நம்பினது வீண் போகவில்லை.

“அந்துப்பூச்சிதானே!” என்றார் வைத்திலிங்கம், இன்னும் தேனாகவே. “இதற்கா இத்தனை அமர்க்களம்? தானியம் என்றால் அந்து விழத்தான் செய்யும். எங்கள் ஊர் நெல்லில் இல்லாத அந்தா? இந்த ராகியில் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். நாளைக்குப் போகிற சரக்கு, விடுங்கோ.”

வாசலில் நின்ற சென்னப்பன் தோள்துண்டை எடுத்து மெதுவாகத் தலையில் கட்டினார். முனிவேல் குத்தூசியைத் துடைப்பதை நிறுத்தினார். வாயில் மீதியிருந்த ராகியை இன்னொரு தடவை மென்று, விழுங்கி, செக்ரடரியின் முன்னால் போய் நின்றார்.

“என்ன சொன்னீங்க?”

“ராகியில் அந்து விழுந்திருக்கிறது என்றேன்.”

“ராகியிலே.”

“ஆமாம்.”

“அந்து.”

செக்ரடரி சுற்றிலும் பார்த்தார். எல்லா முகத்திலும் ஒரே மாதிரியான ஒரு பார்வை இருந்தது. அது என்னவென்று அவருக்குப் புரியவில்லை. ஐந்து மாதத்தில் புரிகிற விஷயம் இல்லை அது. களி தின்று வளர்ந்தவர்களுக்கு மட்டும் தெரிந்தது. ராகிக்கு அந்து விழாது. குழியில் கொட்டு, குதிரில் கொட்டு, மகன் எடுத்துத் தின்றாலும் பேரன் எடுத்துத் தின்றாலும் அதில் ஒரு பூச்சி இருக்காது. அந்தத் தைரியத்தில்தான் இந்தப் பக்கம் பஞ்சத்தையே தாண்டியது.

“எங்கப்பன் ராகியிலே பத்து வருஷமா விழாத அந்து” என்றார் முனிவேல் மிக மெதுவாக, “உங்க ராகியிலே பத்து நாள்லே விழுந்துச்சா? டேய் சென்னப்பா, பிரிங்கடா அட்டியை! பேக, பேக! சீக்கிரம்!”

ஏழு பேர் பாய்ந்தார்கள். இருநூறு மூட்டை விடியும்வரை ஆகும் என்றார் செக்ரடரி. மேஸ்திரியின் ஆட்களுக்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. மூன்றாவது வரிசைக்கு உள்ளே முதல் சோள மூட்டை தலை காட்டியது. சென்னப்பன் கொக்கியைப் போட்டு இழுத்ததில் மூட்டையின் வாய் பிரிந்தது. உள்ளேயிருந்து அந்துப்பூச்சிகள் புகை மாதிரி எழும்பி பெட்ரோமாக்ஸை மொய்த்தன.

திறந்திருந்த கதவு வழியாக ஒரு வௌவால் உள்ளே வந்தது. அப்புறம் ஐந்து. அப்புறம் ஏரியே எழுந்து வந்தது. செக்ரடரி கோட்டால் தலையை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ஓடலாம் என்று பார்த்தால் வாசலில் ஆஞ்சப்பன் நின்றான்.

“உக்காருங்க சார், பந்தி நடக்குது. நடுவுலே எந்திரிச்சா மரியாதை இல்லை” என்றான். பிறகு முனிலட்சுமி பக்கம் திரும்பினான். “இவரும் வௌவா மாதிரிதான் அம்மணி. தப்பிக்க வழி பாக்கத்தான் வாயைத் திறந்தாரு. ஊருக்கெல்லாம் சேதி போயிடுச்சு.”

சோள மூட்டை முப்பதும் இருந்தது. எஸ்.ஐ. வந்து பார்த்தார், செக்ரடரியைப் பார்த்தார், இரண்டாவது சாவியைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, “மேஸ்திரியை விடுங்க” என்றார்.

லாக்கப் கதவு திறந்தது. கரியப்பன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தான். பாப்பம்மா தூக்குப்போசியை நீட்டினாள். அவன் அங்கேயே வாசற்படியில் குந்தி களியைப் பிட்டு வாயில் போட்டான். அப்புறம்தான் கேட்டான்.

“யாரு கண்டுபிடிச்சது?”

“வௌவா” என்றாள் பாப்பம்மா.

கரியப்பன் மென்றுகொண்டே முனிவேலை நிமிர்ந்து பார்த்தான்.

“நேத்தே சொன்னேனேங்க ஏட்டய்யா. ஜன்னல் வழியா நல்லாக் கேக்குது, கிடங்குகிட்ட வௌவா ஒண்ணையொண்ணு கூப்பிடுது, உள்ளே பூச்சி விழுந்த தானியம் இருக்குதுன்னு. மூணு தடவை சொன்னேன்.”

ஆஞ்சப்பனுக்கு ஒரு பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. முனிலட்சுமியின் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டான்.

முனிவேல் செருமினார். “எனக்கு அந்தச் சத்தம் கேக்கலைம்மா. வயசாயிடுச்சு. ஐம்பது ஆகுது.”

“வௌவால் பேசினது கேக்காததுக்கு வயசு காரணம் ஏட்டய்யா” என்றாள் முனிலட்சுமி. “இவன் பேசினது கேக்காததுக்கு என்ன காரணம்?”

முனிவேல் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். மதிலுக்கு மேலே கடைசி வௌவால் ஒன்று டிக், டிக் என்று ஏரியைப் பார்த்துப் போயிற்று. ஸ்டேஷன் வாசலில் இருந்த ஐந்து பேரில் மூன்று பேர் மட்டும் தலையைத் தூக்கினார்கள்.